கரையில் கால் வைக்காத குழந்தை

அன்று மழை பெய்ததா என்பதில் எனக்கு உறுதியில்லை. பெனாயாவைக் கேட்டால் கண் கூசும் வெயில் என்பான். நான் மழை என்றே நினைவில் வைத்திருக்கிறேன். போகன்வில் தீவில் இரண்டும் ஒரே பொழுதில் நடக்கும், ஆகவே இருவருமே சரியாக இருக்கலாம். பேசிய வார்த்தைகள் எனக்குள் அப்படியே இருக்கின்றன. வார்த்தைகளுக்கு நடுவில் எவ்வளவு நேரம் வாய் மூடி இருந்தோம் என்பதுதான் குழம்புகிறது. இப்போது நினைத்தால் அந்தப் பகல் முழுவதும் ஒரே மௌனமாகக் கிடந்ததுபோல் இருக்கிறது. அப்படி இருந்திருக்க முடியாது. எங்கள் பக்கம் நின்ற அமெரிக்கர்களின் பீரங்கி அங்கே ஓய்ந்ததே இல்லை.

சென்ற வாரம் விட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பெனாயா எங்கள் தீவு நாட்டில் ரேவா ஆற்று முகத்துவாரத்துச் சேற்று ஊர்க்காரன். கண்டாவு தீவுப் பெண் வாசிதியைச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு ஓடி வந்தவன். அந்தக் குற்றத்துக்கு அவனுடைய பெரியவர்கள் திமிங்கிலப் பல் கொடுத்து மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. பிறகு லைசா பிறந்தாள். தலைப்பிள்ளை பிறந்தால், அப்பா வழி ஆட்கள் பாயும் மண்ணெண்ணெய் டிரம்மும் திமிங்கிலப் பல்லுமாக அம்மாவின் ஊருக்கு எடுத்துப் போய் முகம் காட்ட வேண்டும். காட்டும்வரை பிள்ளை அந்த ஊர் மண்ணை மிதிக்கக் கூடாது. காட்டிவிட்டால் மாமன் வீட்டுப் பன்றியைக்கூடக் கேட்காமல் பிடித்துக்கொண்டு போகலாம்.

பெனாயாவின் ஆட்கள் பாய் முடையட்டும் என்றார்கள், படகு கிடைக்கட்டும் என்றார்கள். அதற்குள் போர் வந்து படகுகளை எடுத்துக்கொண்டது. அடுத்து பெனாயாவை எடுத்துக்கொண்டது.

போருக்கு வந்த கப்பலில் வாசிதியின் அண்ணன் சாக்கியுசா எல்லார் முன்னிலையிலும் கேட்டான், "மச்சான், என் மருமகளுக்கு முகம் காட்டியாச்சா?" அவன் வெகு முன்பே பட்டாளத்தில் சேர்ந்து ஊரை விட்டு வந்தவன், அவனுக்கு எதுவும் தெரியாது. பெனாயா "ஆச்சு" என்றான். அந்த ஒரு சொல்லுக்காகச் சாக்கியுசா தன் புகையிலையையெல்லாம் கப்பல் முழுக்கப் பங்கு வைத்தான். அதன் பிறகு பெனாயாவால் நிறுத்த முடியவில்லை. மாமனார் குழந்தையை எப்படித் தூக்கினார், யார் அழுதார்கள் என்றெல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

ரேவாவில் வெள்ளம் என்று கேள்விப்பட்டதும், காயம்பட்டு ஊர் திரும்பிய ஒருவனிடம் சாக்கியுசா சொல்லி அனுப்பினான். தாயும் பிள்ளையும் கண்டாவுக்குப் போய் அப்பாவிடம் இருக்கட்டும் என்று. பெனாயா பக்கத்தில்தான் நின்றிருந்தான். வாயைத் திறக்கவில்லை.

இவற்றில் பெரும்பகுதி எனக்குப் பின்னால் தெரிய வந்தவை. நான் லாவ் தீவுக்காரன், வெரேமோ. இருவருக்கும் உறவில்லாதவன். அவர்களோடு ஒரே கூடாரத்தில் படுத்திருந்தவன், அவ்வளவுதான்.

அந்தக் கூடாரத்தின் நடுக்கம்பத்தில் கத்தியால் கீறிய கோடுகள் இருந்தன. லைசா இப்போது எவ்வளவு உயரம் இருப்பாள் என்று பெனாயா கீறிய கோடுகள். அவன் கிளம்பும்போது அவள் அவனுடைய முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருந்தாள். பிள்ளை பெற்றவன் எவன் வந்தாலும் கம்பத்தடிக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

"உன் பையன் நடக்க ஆரம்பிச்சப்ப எதுவரைக்கும் வந்தான்? இங்கயா, இங்கயா?"

சாக்கியுசா படுத்தபடியே குரல் கொடுப்பான். "டேய் நண்டு, கம்பத்துல எதுக்குடா கீறுற? நண்டுக்குப் பொறந்தது மேல வளராது, பக்கவாட்டுலதான் வளரும். பாயில கீறு."

"ஆமைக்கு மருமகளாச்சே மச்சான், மெதுவாத்தான் வளருவா."

ரேவாக்காரன் நண்டு, கண்டாவுக்காரன் ஆமை. மச்சான்கள் இருவரும் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே இருப்பார்கள். எங்களிடம் மச்சான் என்றால் அப்படித்தான். ஏசாத மச்சானைப் பார்த்தால் ஊர் சந்தேகப்படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெனாயாவிடம் ஒரு சின்னக் குப்பி இருந்தது. வாசிதி பூப்போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் இருந்த குப்பி. எண்ணெய் தீர்ந்து வெகு நாளாகிவிட்டது. காலையில் தக்கையைத் திறந்து ஒரே ஒரு மூச்சு இழுத்துவிட்டு உடனே மூடிவிடுவான், உள்ளே இருக்கும் வாசனை தீர்ந்துவிடுமோ என்று. நாங்கள் பார்க்காததுபோல் இருப்போம். சாக்கியுசாகூட அதைப் பற்றிக் கேலி பேசியதில்லை. அது அவன் தங்கையின் எண்ணெய். தங்கையைப் பற்றி அண்ணன் வாய்விட்டுப் பேசுவது எங்களிடம் வழக்கமில்லை. பெயரைக்கூடச் சொல்ல மாட்டான்.

அன்று காலை கப்பலில் புது ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவன் எரோனி. கண்டாவுக்காரன், சாக்கியுசாவின் ஊரேதான்.

உச்சிப்பொழுதில் அவனை வரவேற்க யங்கோனா என்ற வேர்ப்பானம் கரைத்தோம். மரக்கிண்ணம் ஏது? பிஸ்கட் டின்னைப் பாதியாக வெட்டி அதில்தான் வேரைப் பிழிவோம். கொட்டாங்கச்சி மட்டும் ஊரிலிருந்து வந்தது. முதல் கொட்டாங்கச்சி புதியவனுக்கு. எரோனி ஒரு கை தட்டி வாங்கி, ஒரே மடக்கில் குடித்து, திருப்பிக் கொடுத்தான். நாங்கள் கை தட்டினோம். தன் முறை குடித்து முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. பெனாயா உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாமல் நெளிந்துகொண்டிருந்தான்.

சாக்கியுசா குடித்தான். பெனாயா குடித்தான். கொட்டாங்கச்சியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"எரோனி, நீ கிளம்பறதுக்கு முன்னாடி என் பொண்ணைப் பாத்தியா? கண்டாவுக்கு வந்திருப்பாளே?"

"பாத்தேன் மச்சான்."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. "ஐயோ, கம்பத்தைக் கொண்டு வாங்கடா" என்றான் ஒருவன்.

பெனாயா மண்டியிட்டு முன்னால் நகர்ந்தான். அவன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். தானே சொன்ன பொய் அந்த நிமிடம் அவனுக்கு நினைவில் இல்லை என்றே நான் நம்புகிறேன். அவன் பிள்ளையைப் பார்த்த கண்கள் எதிரில் இருந்தன, அவனுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

"நில்லு. எழுந்து நில்லு. உன் காலுக்கு எதுவரைக்கும் வர்றா? முட்டிக்கா? முட்டிக்கு மேலயா?"

எரோனி எழவில்லை. சாக்கியுசாவைப் பார்த்தான்.

"சொல்லுடா" என்றான் சாக்கியுசா சிரித்துக்கொண்டே. "நண்டு எவ்வளவு அகலம்னு சொல்லு."

"உயரம் தெரியல அண்ணே."

"பாத்தேன்னியே?"

"உக்காந்திருந்தா. படகுல."

"படகுல இருந்து எறங்குனப்ப நின்னிருப்பாளே?"

எரோனி பாயின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான். "அவ கரையில காலை வெக்கலையே அண்ணே. வெச்சாத்தானே உயரம் தெரியும்."

பிஸ்கட் டின்னில் மிச்சமிருந்ததன்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். யாரும் அதை ஓட்டவில்லை.

எரோனி பொய் சொல்லத் தெரியாதவன். கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னான். அண்ணன் அனுப்பிய சொல்லை நம்பி, அப்பாவிடம் எல்லாம் பேசி முடித்தாயிற்று என்று நினைத்து, வாசிதி பிள்ளையோடு படகேறி வந்தாள். படகு ஆழமில்லாத தண்ணீரில் நின்றது. கரையில் நின்ற பெரியவர்கள், குழந்தையோடு வந்தது யார் என்று கேட்டார்கள். யாருமில்லை. முகம் காட்ட வந்தவர்கள் எங்கே என்றார்கள். அவர்கள் முன்பே வந்து உங்களிடம் பேசிவிட்டுப் போகவில்லையா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"திட்டுனாங்களா?" என்றான் சாக்கியுசா.

"இல்லண்ணே. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. அவ இருந்த படகுப் பக்கம் திரும்பாம."

"அப்பா?"

எரோனி வெகுநேரம் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

"அப்பா தண்ணியில எறங்கி வந்தாரு. முட்டளவு தண்ணி. படகுக்குப் பக்கத்துல வந்து நின்னாரு. தொடல. பேசல. பிள்ளை மேல வெயில் அடிச்சுது, அவர் நெழல் அது மேல விழற மாதிரி நின்னாரு. சூரியன் நகர நகர இவரும் நகந்தாரு. தண்ணி ஏறி படகு திரும்பறவரைக்கும் அப்படியே நின்னாரு."

யாரோ இருமினார்கள்.

"பிள்ளை அவரைப் பாத்து சிரிச்சுது" என்றான் எரோனி, இதையும் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல. "வேட்டி நுனியைப் பிடிச்சு இழுத்துது. அவரு விடுவிச்சுக்கல."

பெனாயா மண்டியிட்ட நிலையிலேயே இருந்தான். சாக்கியுசா அவனைப் பார்க்கவில்லை. பீரங்கி முழங்கியது. தீவின் நடுவில் இருந்த எரிமலை உச்சியில் எப்போதும்போல் புகை நின்றது. சாக்கியுசா தன் இரண்டு கைகளையும் குவித்து, யங்கோனா முடிந்தது என்பதற்கான மூன்று தட்டுகளைத் தட்டினான். பிறகு எழுந்து, பெனாயா உட்கார்ந்திருந்த பக்கம் லேசாகக் குனிந்து சொன்னான்.

"கொஞ்சம் வழி விடணுங்க. எழுந்திருச்சீங்கன்னா பாயைச் சுருட்டிடலாம்."

ஏதோ ஒரு தலைவரிடம் பேசுவதுபோல் அவ்வளவு மரியாதை. அடித்திருந்தால் பெனாயா தாங்கியிருப்பான் என்று நினைக்கிறேன்.

அந்த மத்தியானம் முழுவதும் அப்படித்தான். "தண்ணி வேணுங்களா?" "உங்க துப்பாக்கி நனைஞ்சுது, உள்ள எடுத்து வெச்சிட்டேன்." கூடாரத்தில் நண்டும் இல்லை, ஆமையும் இல்லை. மறுநாள் விடியலில் எங்கள் பிரிவு ரோந்து போக வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. கார்ப்பரல் சாக்கியுசாதான் வழி நடத்துகிறவன். அவன் தோட்டாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான், வழக்கத்தைவிடச் சுத்தமாக.

பெனாயா என்னை வெளியே அழைத்தான்.

"வெரேமோ, நீ பேச்சாளர் குடும்பம்தானே?"

எங்கள் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகத் தலைவருக்காகச் சபையில் பேசுகிறவர்கள். நான் பேசத் தொடங்குவதற்கு முன்பே பட்டாளத்துக்கு வந்துவிட்டவன். அதைச் சொன்னேன்.

"பரவாயில்ல. நாளைக்குக் காட்டுக்குப் போறோம். அவனுக்கோ எனக்கோ ஏதாவது ஆச்சுன்னா இது இப்படியே நிக்கும். மன்னிப்புக் கேக்கணும், முறைப்படி. ராத்து கிட்ட ஒரு திமிங்கிலப் பல் இருக்கு. கேட்டுப் பாப்போம், வா."

ராத்து செமீசி எங்கள் கம்பெனியின் லெப்டினன்ட், தலைவர் பரம்பரை. டப்பாவில் வெந்நீர் வைத்துக்கொண்டு முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதி முகம் நுரை. நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். பெனாயா சொல்லி முடிக்கும்வரை அவர் கத்தியை எடுக்கவே இல்லை.

"கப்பல்ல அந்த ஆளு எனக்கும் புகையிலை கொடுத்தான்" என்றார். "நானும் புகைச்சேன்."

பெனாயா தலையை நிமிர்த்தவில்லை.

ராத்து தன் பையைத் திறந்து, ஒரு காலுறைக்குள்ளிருந்து பல்லை எடுத்துக் காட்டினார். எண்ணெய் ஊறி மஞ்சளாக மின்னியது. தேங்காய்நார்க் கயிறு புதிதாக இருந்தது.

"இதை எதுக்குக் கொண்டு வந்தேன் தெரியுமா? நம்மள்ல யாராவது இங்கயே தங்கிட்டா, இந்த மண்ணுக்காரங்க கிட்ட கொடுத்து, எங்க பிள்ளையைப் பாத்துக்கங்கன்னு சொல்றதுக்கு. நீ செத்தா உனக்காக இதைக் கொடுப்பேன் பெனாயா. நீ பொய் சொன்னதுக்குக் கொடுக்க மாட்டேன்."

"சரிங்க ராத்து."

"கோவிச்சுக்காத."

"இல்லீங்க."

அவர் மறுபடியும் மழிக்கத் தொடங்கினார். நாங்கள் வெளியே வந்தோம். பெனாயா ஓடைப் பக்கம் நடந்தான், நான் பின்னால் போனேன். கரையில் நாணல் ஆளுயரத்துக்கு நின்றது. ஒரு நாணல் பூ அவன் தோளில் பட்டபோது எனக்கு என் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. பழைய நாளில் போரில் தோற்றவர்கள், கொடுக்கக் கையில் எதுவும் இல்லாதபோது, ஒரு கட்டு நாணலை ஏந்தி வந்து மண்டியிடுவார்களாம். எங்களிடம் ஒன்றுமில்லை, எங்களைத்தவிர என்பதற்கு அடையாளம்.

அவனிடம் சொன்னேன். அவன் கத்தியை எடுத்தான். நாணல் இலை கையைக் கிழித்தது, அதைக் கவனிக்கவில்லை. வெட்டிக்கொண்டே கேட்டான்.

"அவரு நிழல் அவ மேல விழுந்தது, இல்ல?"

"ஆமா."

"அவளுக்கு யாருன்னு தெரிஞ்சிருக்குமா?"

கேட்டுவிட்டு அடுத்த நாணலை வெட்டிக் கட்டோடு சேர்த்தான். அவன் சட்டைப் பையில் அந்தக் குப்பி ஒரு புடைப்பாகத் தெரிந்தது. வாசிதி அந்தப் படகில் உட்கார்ந்து, வீடுகளின் பின்பக்கங்களைப் பார்த்துக்கொண்டு, யாரை நினைத்திருப்பாள் என்று நான் யோசித்தேன். அவனும் அதையேதான் யோசித்திருப்பான். குப்பியை வெளியே எடுக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் போனோம். கூடாரத்து வாசலில் சாக்கியுசா சப்பாத்துக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான். பெனாயா தொப்பியைக் கழற்றினான், தூரத்திலிருந்தே குனிந்து, முழங்காலால் நகர்ந்து வந்தான். நான் அவன் பின்னால். கூடாரங்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு அமெரிக்கன் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டான், எங்கள் ஆள் ஒருவன் அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினான்.

நாணல் கட்டை சாக்கியுசாவின் காலடியில் வைத்தோம். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது எழுத முயன்றால் அழகாக வருகிறது, ஆகவே அது அப்படி இருந்திருக்காது. பாய்கள் இல்லை, பல் இல்லை, பெரியவர்கள் இல்லை, ஒரு மனிதனும் அவன் வெட்கமும்தான் வந்திருக்கிறோம் என்ற மாதிரி ஏதோ திக்கித் திக்கிச் சொன்னேன். சாக்கியுசா கட்டைத் தொட்டால் மன்னித்தான் என்று அர்த்தம்.

அவன் சப்பாத்தை ஓரமாக வைத்தான்.

"வெரேமோ, உங்கப்பா கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. நல்லாத்தான் பேசுன" என்றான். "ஆனா விலாசம் தப்பு."

பெனாயா நெற்றி தரையில் படக் குனிந்திருந்தான்.

"பொய் சொன்னது என்கிட்ட. அதை நான் விட்டுடுவேன். கப்பல்ல நூறு பேரு பொய் சொன்னாங்க. ஆனா நான் சொல்லி அனுப்பினப்ப நீங்க பக்கத்துல நின்னீங்க. போக வேண்டாம்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. அந்தக் குழந்தையோட அம்மாவை அந்தப் படகுல உக்கார வெச்சது என் வாய். நீங்க சும்மா நின்னதால என் வாய்." அவன் குரல் உயரவே இல்லை. "கடல்ல நின்னவர் கிட்ட நான் எந்த மூஞ்சியோட போவேன்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நாள் முழுவதும் நாங்கள் பெனாயாவின் வெட்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே இரண்டு பேருடையது இருந்தது.

சாக்கியுசா புறங்கையால் நாணல் கட்டை மெதுவாகத் திருப்பித் தள்ளினான். உள்ளங்கை படாமல்.

"இதைக் கண்டாவுக்குக் கொண்டு போங்க. அதுக்கு நீங்க உயிரோட இருக்கணும். நாளைக்கு முன்னால நடக்கறது உங்க முறை. வேண்டாம். என் பின்னால நடங்க."

"மச்சான், என் முறைன்னா நானே—"

"பின்னால நடங்கன்னு சொன்னேனுங்க."

பெனாயா எழுந்து உள்ளே போனான். கம்பத்தில் இருந்த கோடுகளைக் கத்தியால் சுரண்டி எடுக்கும் சத்தம் கேட்டது. சாக்கியுசா சப்பாத்தை எடுத்தான், விட்ட இடத்திலிருந்து கயிற்றைக் கோத்தான்.

என் வயதில் கதையைப் பாதியில் வைத்துக்கொண்டு படுப்பது சரியில்லை. ஆகவே யாருக்கு என்ன ஆனது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ராத்து செமீசி அந்தப் பல்லைக் கொடுக்க வேண்டி வந்தது. கொடுத்தது எரோனிக்காக. அவன் இன்னும் அந்தத் தீவின் மண்ணுக்குள்தான் இருக்கிறான். பெனாயா ஊர் திரும்பினான், சாக்கியுசாவும் திரும்பினான். போர் முடிந்த பிறகு ரேவாவிலிருந்து மூன்று படகுகள் பாய்களோடும் டிரம்களோடும் பல்லோடும் கண்டாவுக்குப் போயின. லைசா அப்போது தானே ஓடக்கூடிய பிள்ளை. ஆனாலும் கிழவர் தண்ணீரில் இறங்கி வந்து அவளைத் தூக்கிக்கொண்டுதான் கரையேறினார். வாசிதி அன்றும் ஒன்றும் பேசவில்லை, அதன் பிறகும் அந்தப் படகைப் பற்றிப் பேசியதில்லை. லைசா இன்று சுவாவில் ஆசிரியை. அவள் மாமன் வீட்டில் எத்தனை பன்றி பிடித்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

மன்னிப்பு ஏற்கப்பட்டுவிட்டால் அதை மறுபடி வாயால் சொல்லக் கூடாது. யாரும் சொல்லவில்லை. சாக்கியுசா சென்ற ஆண்டு இறந்தான். கடைசி வரை பெனாயாவைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுத்தான், மரியாதையாகப் பேசினான், அவன் பிள்ளைகளுக்கு எல்லாம் செய்தான். நண்டு என்று மட்டும் கூப்பிட்டதே இல்லை.

ஒரே ஒரு தடவையைத் தவிர. அது நாணல் கட்டைத் திருப்பித் தள்ளியதற்கு மறுநாள் காலை, ரோந்து போன காட்டுக்குள். நான் இரண்டடி பின்னால் இருந்தேன், என் காதால் கேட்டேன். அதை அடுத்த வாரம் சொல்கிறேன்.